வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடம்

பள்ளியிலிருந்து வந்த தாள்

மாலை நேரம். பள்ளி விட்டு மகள் வீட்டுக்கு வருகிறாள். பையைத் திறக்கிறாள். ஒரு தாளை எடுத்து நீட்டுகிறாள்.

"அம்மா, டீச்சர் குடுத்தாங்க. முகாமுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். கையெழுத்துப் போடும்மா."

அம்மா தாளை வாங்குகிறார். முன்பெல்லாம் இப்படி ஒரு தாள் வந்தால் கட்டை விரலில் மை தடவி வைத்துவிடுவார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இப்போது தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். மூன்று நாள். இரண்டு இரவு. வெளியூரில் தங்க வேண்டும். மலைக்குப் போக வேண்டும்.

பாட்டிக்குக் கோபம் வருகிறது.

"வயசுக்கு வந்த பொண்ணு. ராத்திரி வெளியில தங்குறதா? படிக்கத்தானே பள்ளிக்கூடம்? மலையில என்ன படிப்பு?"

தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வீட்டில் இல்லை. அவருக்குப் பெங்களூரில் வேலை. விடியற்காலை ரயிலில் போனால் இரவுதான் திரும்புவார்.

கோலார் தங்க வயலில் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். அம்மாவின் மனதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன.

முகாமுக்குப் போனால் பிள்ளைக்கு என்ன பயன்?

முகாமுக்கு அனுப்பினால் பிள்ளை பத்திரமாகத் திரும்பி வருமா?

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் தேடுவோம்.

முகாம் என்றால் என்ன?

மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியே போகிறார்கள். ஆசிரியர்கள் உடன் போகிறார்கள். ஓர் இடத்தைப் பார்க்கிறார்கள். அங்கே தங்குகிறார்கள். வேலைகளைப் பங்கு போட்டுச் செய்கிறார்கள். இதுதான் முகாம்.

சுற்றுலா வேறு, முகாம் வேறு. சுற்றுலாவில் பேருந்தில் போவோம். பார்ப்போம். சாப்பிடுவோம். திரும்புவோம். முகாமில் பிள்ளைகளே வேலை செய்ய வேண்டும். ஒரு குழு கூடாரம் போடும். ஒரு குழு தண்ணீர் கொண்டு வரும். ஒரு குழு காய்கறி நறுக்கும். ஒரு குழு குப்பையை அள்ளும். மறுநாள் வேலை மாறும்.

இதில் பிள்ளைகள் பலவற்றைக் கற்கிறார்கள். கயிற்றில் பலவகை முடிச்சுப் போடப் பழகுகிறார்கள். முதலுதவி செய்யப் பழகுகிறார்கள். பறவையை அதன் குரலை வைத்து அறிகிறார்கள். திசை பார்க்கிறார்கள். தூரத்தை அடி எண்ணி அளக்கிறார்கள். எல்லாவற்றையும் விட, மற்றவர்களோடு சேர்ந்து வாழப் பழகுகிறார்கள். வீட்டில் தட்டைக் கழுவாத பையன் அங்கே பத்துப் பேரின் தட்டைக் கழுவுவான்.

இந்த வழக்கம் எப்படி வந்தது?

வெளியே போய்க் கற்பது நமக்குப் புதிதல்ல. உழவர் வீட்டுப் பிள்ளை வயலில்தான் தொழில் கற்றது. ஆடு மேய்த்த பிள்ளை காட்டில்தான் செடிகொடிகளை அறிந்தது. பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் பாடம் நான்கு சுவருக்குள் போனது.

பாடத்தை மீண்டும் வெளியே கொண்டு வரச் சிலர் முயன்றார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் ரவீந்திரநாத் தாகூர். அவர் 1901ஆம் ஆண்டு வங்காளத்தில் சாந்திநிகேதன் என்ற இடத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே மரத்தடியில் வகுப்புகள் நடந்தன.

1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு முகாம் நடந்தது. பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி அதை நடத்தினார். பிரவுன்சீ என்ற சிறிய தீவுக்குச் சுமார் 20 சிறுவர்களை அழைத்துப் போனார். அவர்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் கூடாரத்தில் தங்கினார்கள். சாரணர் இயக்கம் இப்படித்தான் பிறந்தது.

அப்போது நம் நாட்டை வெள்ளையர் ஆண்டார்கள். சாரணர் இயக்கம் இங்கேயும் வந்தது. ஆனால் இந்தியச் சிறுவர்களை அதில் சேர்க்கவில்லை. இதைக் கண்டு அன்னி பெசன்ட் அம்மையார் சும்மா இருக்கவில்லை. 1916ஆம் ஆண்டு சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற பின், 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பல சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. 'பாரத சாரணர் சாரணியர்' என்று பெயர் பெற்றன. சாரணர் சொல்லும் சொல் 'தயாராக இரு' என்பது.

2020ஆம் ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கையும் இதைப் பேசுகிறது. 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் காலத்தில், 10 நாட்கள் புத்தகப் பை இல்லாமல் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்ற உள்ளூர்த் தொழிலாளர்களிடம் அவர்கள் நேரில் கற்கலாம் என்கிறது.

தங்க வயலே ஒரு பாடப் புத்தகம்

"நம்ம ஊருல பார்க்க என்ன இருக்கு? சுரங்கம் மூடிப் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. உலகத்து அறிஞர்கள் தேடி வந்து படித்த ஊர் இது.

முதலில் கல்லைப் பார்ப்போம். தங்க வயலில் கறுத்த பாறைகள் உண்டு. அவை சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பிலிருந்து உண்டானவை. அவற்றில் சில தலையணை போல உருண்டு இருக்கும். எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள் கொட்டி உறைந்தால்தான் அந்த வடிவம் வரும். அப்படியானால், இன்று தண்ணீருக்குத் தவிக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தது! இந்தப் பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக மதிக்கிறது.

கறுத்த பாறையின் நடுவே வெள்ளைக் கல் கோடு போல ஓடும். அந்த வெள்ளைக் கல்லில்தான் தங்கம் ஒளிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத தூளாக இருந்தது. கல்லை வெட்டி, மேலே கொண்டு வந்து, மாவாக இடித்தார்கள். சயனைடு கரைசலை ஊற்றினார்கள். அது தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டது. மிஞ்சிய மணலை வெளியே கொட்டினார்கள். ஆண்டுக் கணக்கில் கொட்டிய அந்த மணல்தான் இன்று மலை போல நிற்கும் சயனைடு மேடுகள். 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மணல் அங்கே கிடக்கிறது.

அடுத்து ஊரின் கதை. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலை தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் வந்தார்கள். லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து தங்க வயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று.

அந்த ஆழத்தில் அறிஞர்களும் வேலை செய்தார்கள். வானத்திலிருந்து மிக நுண்ணிய துகள்கள் பூமியின் மேல் ஓயாமல் விழுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ என்ற துகள் மட்டும் பாறையையும் கடந்து போகும். அதைத் தேட ஆழமான இடம் வேண்டும். 1965ஆம் ஆண்டு இந்திய, ஜப்பானிய, ஆங்கில அறிஞர்கள் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கருவிகளை வைத்தார்கள். வானத்திலிருந்து வரும் நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். சுரங்கம் ஓடியதை அவர்கள் பார்த்ததில்லை. கூண்டில் ஏறி ஆழத்துக்கு இறங்கியவர்கள் தாத்தாக்கள். அவர்களிடம் கேட்காவிட்டால் அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் முழுதாகக் கிடைக்காது. முகாமுக்கு ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியை அழைத்தால் அவரே நல்ல ஆசிரியர்.

பிறகு தண்ணீரின் கதை. பாலாறு நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. பேத்தமங்கலம் ஏரி வழியாகப் போகிறது. தங்க வயலுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது. அதே பாலாறுதான் ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் போகிறது. தாத்தாவின் சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம் என்றால், பேத்திக்கும் தாத்தாவுக்கும் ஆறு ஒன்றே. ஏரிக்கரையில் நின்று இதைக் கேட்ட பிள்ளை மறக்காது.

கோலார் நகருக்கு அருகில் அந்தரகங்கை மலை இருக்கிறது. பெரிய பெரிய பாறைகள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி வைத்தது போல இருக்கும். இடையே குகைகள் உண்டு. கோயில் குளத்தில் கல் நந்தியின் வாயிலிருந்து சுனைநீர் விழும். வறண்ட மலையில் தண்ணீர் எப்படி வந்தது? மழைநீர் பாறை இடுக்கில் இறங்குகிறது. மெல்லக் கசிந்து கீழே வருகிறது. நிலத்தடி நீர் என்றால் என்ன என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கணக்கும் கற்கலாம்

முகாமில் கணக்குப் பாடமும் உண்டு. இரண்டு எடுத்துக்காட்டுகள் பாருங்கள். இவற்றை நீங்களும் செய்யலாம்.

மரத்தின் மேல் ஏறாமல் அதன் உயரத்தை அளக்கலாம். 1 மீட்டர் நீளக் குச்சியை வெயிலில் நிமிர்த்தி நடுங்கள். அதன் நிழலை அளங்கள். நிழல் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளங்கள். அது 16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குச்சியின் உயரம் அதன் நிழலில் பாதி. அப்படியானால் மரத்தின் உயரமும் அதன் நிழலில் பாதி. மரம் 8 மீட்டர் உயரம்.

இரவில் இன்னொரு கணக்கு. வடக்குத் திசையைப் பாருங்கள். துருவ நட்சத்திரம் அங்கே தாழ்வாகத் தெரியும். கையை நன்றாக நீட்டி விரல்களை மடக்கிப் பிடியுங்கள். அடிவானத்திலிருந்து ஒரு கைப்பிடிக்குச் சற்று மேலே அது இருக்கும். ஒரு கைப்பிடி சுமார் 10 டிகிரி. தங்க வயலில் துருவ நட்சத்திரத்தின் உயரம் சுமார் 13 டிகிரி. பூமியின் நடுக்கோட்டிலிருந்து தங்க வயல் வடக்கே இருக்கும் அளவும் சுமார் 13 டிகிரிதான். டெல்லிக்குப் போனால் இதே நட்சத்திரம் இன்னும் உயரத்தில் தெரியும். பூமி உருண்டை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

"பையன் போகட்டும், பொண்ணு வேண்டாம்" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். பழைய காலத்திலும் இப்படித்தான் சொன்னார்கள். 1909ஆம் ஆண்டு லண்டனில் சாரணர் கூட்டம் ஒன்று நடந்தது. அழைக்காமலே சில சிறுமிகள் அங்கே வந்தார்கள். "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள். மறு ஆண்டே பெண்களுக்கான சாரணியர் இயக்கம் பிறந்தது. 1911ஆம் ஆண்டு நம் நாட்டில் ஜபல்பூருக்கு வந்தது.

பச்சேந்திரி பால் என்பவரின் கதையும் கேட்கத் தக்கது. அவர் இமயமலைக் கிராமம் ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 12 வயதில் பள்ளியிலிருந்து வெளியே போனபோது தோழிகளோடு ஓர் உயரமான மலையில் ஏறினார். அந்த ஆசை அவரை விடவில்லை. 1984ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினார். அந்தச் சிகரத்தைத் தொட்ட முதல் இந்தியப் பெண் அவரே.

பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது எளிது. அவள் பத்திரமாகப் போய் வர ஏற்பாடு கேட்பது சற்றுக் கடினம். ஆனால் அதுதான் சரியான வழி. பெண் ஆசிரியர் கூட வருகிறாரா என்று கேளுங்கள். பெண்கள் தங்க தனி அறை உண்டா, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் துணியோ நாப்கினோ மாற்ற இடம் உண்டா என்று கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மறக்கக் கூடாத இரண்டு துயரங்கள்

பாட்டியின் பயத்தில் நியாயமும் இருக்கிறது. கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள். குஜராத் மாநிலம் வதோதரா நகரம். பள்ளிப் பிள்ளைகள் ஏரிக்குப் போனார்கள். படகில் ஏறினார்கள். படகில் அளவுக்கு மீறிய கூட்டம். எல்லோருக்கும் உயிர்காக்கும் மிதவைச் சட்டை கொடுக்கவில்லை. படகு கவிழ்ந்தது. 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள். கோலார் மாவட்டத்தின் முல்பாகல் வட்டத்திலிருந்து ஓர் உறைவிடப் பள்ளியின் மாணவர்கள் சுற்றுலா போனார்கள். முருடேஸ்வரம் கடற்கரைக்கு வந்தார்கள். பிள்ளைகள் கடலில் இறங்கினார்கள். அலை இழுத்தது. நான்கு மாணவிகள் இறந்தார்கள். அவர்கள் நம் பக்கத்து வட்டத்துப் பிள்ளைகள்.

இரண்டு இடத்திலும் எமனாக வந்தது தண்ணீர். மலையும் காடும் அல்ல. ஏரி, ஆறு, கடல், கல்குவாரிக் குட்டை ஆகியவற்றில் ஆழம் வெளியே தெரியாது. கடல் பார்க்காத பிள்ளைக்கு அலையின் பலம் தெரியாது. ஆகவே முகாமில் தண்ணீர் உள்ள இடம் உண்டா என்பதுதான் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

தங்க வயலில் கவனம் வேண்டிய இடங்கள்

நம் ஊரிலேயே சில இடங்கள் ஆபத்தானவை. மூடிக் கிடக்கும் ஷாப்டுகளின் அருகே போகக் கூடாது. ஓரத்து மண் சரியலாம். உள்ளே நல்ல காற்று இருக்காது. உள்ளே போனவர் மயங்கி விழுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார்.

சயனைடு மேட்டில் ஏறி விளையாடக் கூடாது. சறுக்கக் கூடாது. அந்த மணல் மிக நுண்ணியது. காற்றில் பறந்து மூச்சில் போகும். கல்தூசி நுரையீரலில் படிந்தால் என்ன ஆகும் என்று சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியும். இருமலும் மூச்சிரைப்பும் பட்ட தாத்தாக்கள் எத்தனை பேர்! மேட்டின் அடியில் தேங்கிய நீரையும் தொடக் கூடாது. பாடத்துக்காகப் பார்க்க வேண்டுமானால், காற்று வீசாத நேரத்தில், தூரத்தில் நின்று பார்த்தால் போதும்.

சுரங்க நிலத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அனுமதி இல்லாத இடத்தை வெளியிலிருந்து பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் பத்துக் கேள்விகள்

அனுமதிக் கடிதம் வெறும் தாள் அல்ல. "என் பிள்ளையை உங்களை நம்பி அனுப்புகிறேன்" என்று பெற்றோர் தரும் வாக்கு அது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பத்துக் கேள்விகளுக்கும் பதில் வேண்டும்.

1. எந்த ஊர்? எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்பாடு? எப்போது திரும்புவார்கள்?

2. எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்? எத்தனை ஆசிரியர்கள் போகிறார்கள்? பெண் ஆசிரியர் உண்டா?

3. எந்த வண்டி? இரவில் பயணம் உண்டா?

4. ஏரி, ஆறு, கடல், குட்டைக்குப் போவார்களா? போனால் யார் காவல்? படகில் ஏறினால் எல்லோருக்கும் மிதவைச் சட்டை உண்டா?

5. இரவில் எங்கே தங்குவார்கள்? கழிப்பறை எப்படி?

6. குடிநீரும் சாப்பாடும் யார் தருவார்கள்?

7. முதலுதவிப் பெட்டி உண்டா? பக்கத்தில் மருத்துவமனை எவ்வளவு தூரம்?

8. தலையை எண்ணிப் பார்ப்பது எப்போதெல்லாம்? வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுவார்களா?

9. அவசரத்துக்கு எந்தத் தொலைபேசி எண்ணில் பேச வேண்டும்?

10. எவ்வளவு பணம்? பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன வழி?

பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய் இருந்தால் மறைக்கக் கூடாது. ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். மருந்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தங்க வயலில் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் கற்றது தமிழ் எழுத்து. பள்ளிக் கடிதம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வரலாம். அப்போது என்ன செய்வது? தெரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் படித்துச் சொல்லக் கேளுங்கள். சொல்வதைத் தமிழில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஊர், நாள், நேரம், தொலைபேசி எண் நான்கும் கட்டாயம் வேண்டும். குறித்த தாளை வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை

தனியாக எங்கும் போகக் கூடாது. எப்போதும் ஒரு துணையோடு போக வேண்டும்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் நீ குதிக்காதே. சத்தம் போடு. கயிறோ, நீளக் கொம்போ, துப்பட்டாவோ நீட்டு.

இடி மின்னல் வந்தால் மரத்தடியில் நிற்காதே. பாறை உச்சியிலும் நிற்காதே. கட்டடத்துக்குள் போ.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்க வேண்டும். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்க வேண்டும். கரண்டியில் தலை தட்டி அளக்க வேண்டும்.

யாராவது தவறாகத் தொட்டால் பயப்படாதே. உடனே சத்தம் போடு. ஆசிரியரிடம் சொல். வீட்டிலும் சொல்.

அம்மா பள்ளிக்குப் போகிறார்

மறுநாள் காலை அம்மா பள்ளிக்குப் போகிறார். கையில் தாள் இருக்கிறது. தாளின் பின்பக்கம் கேள்விகளை எழுதியிருக்கிறார். எழுத்துகள் கொஞ்சம் கோணல். ஆனாலும் படிக்க முடிகிறது.

"டீச்சர், ரெண்டாம் நாள் ஏரிக்குப் போறதா போட்டிருக்கு. பிள்ளைங்க தண்ணியில இறங்குவாங்களா?"

"இறங்க மாட்டாங்கம்மா. கரையில இருந்து பறவை பார்ப்பாங்க."

"அதைக் கடிதத்துலயும் எழுதிடுங்க டீச்சர். அப்பத்தான் பிள்ளைங்களுக்கும் தெரியும். கரையில பெரியவங்க யாராவது கயிறோட நிக்கட்டும்."

ஆசிரியை யோசிக்கிறார். பிறகு தலையசைக்கிறார். கடிதத்தில் ஒரு வரி சேர்க்கிறார். 'மாணவர்கள் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.' எல்லாப் பெற்றோருக்கும் அந்த வரியோடு கடிதம் போகிறது.

அன்று இரவு அப்பா வீட்டுக்கு வருகிறார். அம்மா கேள்வியையும் பதிலையும் படித்துக் காட்டுகிறார். அப்பா கேட்டுக்கொள்கிறார். பாட்டியும் கேட்கிறார்.

"பொம்பளை டீச்சர் ரெண்டு பேரு போறாங்களா?"

"ஆமாம் அத்தை. கூடவே தங்குறாங்க."

பாட்டி மேலே ஒன்றும் பேசவில்லை. தன் கம்பளியை எடுத்து வருகிறார். "மலையில குளிரும்" என்று பேத்தியின் பையில் வைக்கிறார்.

இதுவரை பேசாமல் இருந்த தாத்தா மெல்லச் சொல்கிறார்.

"போயிட்டு வரட்டும். கறுப்புக் கல்லு, வெள்ளைக் கல்லு எதுன்னு நான் சொல்லித் தர்றேன். அங்க போய் அதை மத்த பிள்ளைங்களுக்கு இவ சொல்லட்டும்."

அம்மா பேனாவை எடுக்கிறார். கடிதத்தை இன்னொரு முறை படிக்கிறார். தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்

1. சுற்றுலாவுக்கும் முகாமுக்கும் என்ன வேறுபாடு?

2. சயனைடு மேடுகள் எப்படி உண்டாயின?

3. பாலாறு எந்த எந்த ஊர்கள் வழியாகப் போகிறது?

4. 1 மீட்டர் குச்சியின் நிழல் 2 மீட்டர். அதே நேரத்தில் ஒரு வேப்பமரத்தின் நிழல் 12 மீட்டர். மரத்தின் உயரம் என்ன?

5. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளில் உங்களுக்கு முக்கியமானவை எவை? மூன்றை எழுதுங்கள்.

6. உங்கள் தெருவில் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் யார்? அவரிடம் பிள்ளைகள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை எழுதுங்கள்.

எழுதிப் பழகுங்கள்

கீழே உள்ள கடிதத்தை நோட்டில் எழுதுங்கள். புள்ளி வைத்த இடங்களை நிரப்புங்கள்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் / மகன் ................. உங்கள் பள்ளியில் ....... ஆம் வகுப்பில் படிக்கிறாள் / படிக்கிறான். ................. என்ற ஊரில் ................. நாள் முதல் ................. நாள் வரை நடக்கும் முகாமுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன். பிள்ளையைத் தண்ணீரில் இறங்க விட வேண்டாம். பிள்ளைக்கு உள்ள நோய்: ................. தர வேண்டிய மருந்து: ................. அவசரத்துக்கு என்னை அழைக்க வேண்டிய எண்: .................

இப்படிக்கு,
.................
(பெற்றோர் கையெழுத்து)